இன்னிக்கு ஜெயிச்சாச்சு!

பறக்கும் ரயில்ல நம்ம பசங்க திருவான்மியூர்ல இறங்குவாங்க. டைடல் பார்க், ஆஃபர் லெட்டர் கனவு! நீங்க ஒரு ஸ்டேஷன் முன்னாடி, இந்திரா நகர்ல இறங்குங்க பாஸ். டி.டி.கே. மருத்துவமனை அங்கேதான் இருக்கு. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய மீட்பு மையம்.

மருந்து, கவுன்சலிங், குடும்பத்துக்கும் சேர்த்தே ஆலோசனை. ஆனா, மீண்டு வர்றவங்களோட வெற்றிக்குப் பொதுவான மார்க் ஷீட் கிடையாது. சம்பளத்தை முழுசா வீட்ல கொடுப்பது ஒருத்தருக்கு வெற்றி. மகள் பயப்படாம பக்கத்துல வந்து உட்கார்றது இன்னொருத்தருக்கு. 'இன்னிக்குக் குடிக்கலை' என்பது எல்லோருக்கும். நடுவுல சறுக்கினா ஃபெயில் இல்லை. சர்க்கரை நோய் மாதிரி, மறுபடி சிகிச்சைக்கு வரணும். அவ்வளவுதான்.

உங்க வீட்டுப் பக்கம் இப்படி ஒருத்தர் இருந்தா, 'எத்தனை நாளைக்கு?'னு நக்கலடிக்காதீங்க. இன்னிக்கு ஜெயிச்சிருக்கார்... கை கொடுங்க!