மலைப்பாதையில் ஐந்து ஜப்பான் பாட்டு

"மலை டூட்டிக்குப் போகும்போது வண்டியில என்ன பாட்டு கேப்பீங்க டாக்டர்?" என்று ஒரு நண்பர் கேட்டார்.

ராஜா சார் பாட்டுன்னு சொல்வேன்னு எதிர்பார்த்திருப்பார். அதுவும் உண்டுதான்.

ஆனால் சில வருடங்களாக, கள்ளக்குறிச்சியில் இருந்து கல்வராயன் மலை ஏறும்போது என் வண்டியில் அதிகம் ஓடுவது ஒரு ஜப்பான் ராக் பேண்ட். பேர் ராட்விம்ப்ஸ்.

சிரிக்காதீங்க. ஐந்து பாட்டு சிபாரிசு பண்றேன். நடுவுல ஒரு குழந்தையும் வரும். அதனால கடைசி வரைக்கும் படிங்க.

(அந்தக் குடும்பத்தின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் சின்ன அறிமுகம். 2001இல் கனகாவா மாகாணத்தில் பள்ளிக்கூடப் பசங்க சேர்ந்து ஆரம்பித்த பேண்ட் இது. பாடுபவர் நோதா யோஜிரோ. பாட்டு எழுதுவதும் மெட்டமைப்பதும் பெரும்பாலும் அவர்தான். ஆங்கிலப் பேச்சுவழக்கில் 'ராட்' என்றால் அசத்தல். 'விம்ப்' என்றால் கோழை. ரெண்டையும் ஒட்டி ஒரு பேர்.

எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. முதலில் பாட்டைக் கேட்பேன். பிடித்தால் மொழிபெயர்ப்பைத் தேடிப் படிப்பேன்.

*1. ஜென்ஜென்ஜென்சே (2016)*

மகோதோ ஷின்காய் எடுத்த 'யுவர் நேம்' அனிமேஷன் படத்தின் பாட்டு. முந்தின ஜென்மத்துக்கு முந்தின, அதுக்கும் முந்தின ஜென்மம் என்பதுதான் தலைப்பின் அர்த்தம். ஏழேழு ஜென்மம்னு பாடிப் பழகின நமக்கு இது புதுசே இல்லை.

புதுசா கேட்கிறவங்க இதில் ஆரம்பிங்க. கச்சிராயப்பாளையம் வரைக்கும் கேட்கலாம். கோமுகி அணை தாண்டி வளைவுகள் ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க. இல்லேன்னா கால் தானா ஆக்சிலேட்டரை அமுக்கும்.

*2. 25ஆவது குரோமோசோம் (2005)*

பெரிய கம்பெனி மூலம் இவர்கள் வெளியிட்ட முதல் சிங்கிள். ஒரு காதல் பாட்டுக்கு இப்படித் தலைப்பு வைத்தால் எந்த டாக்டர்தான் கேட்காமல் இருப்பான்?

மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம். வகையாக எண்ணினால் எக்ஸ், ஒய் ரெண்டையும் சேர்த்து 24. இருபத்தைந்தாவது கிடையாது. எம்பிபிஎஸ் முதல் வருஷப் பசங்களுக்கு இந்தப் பாட்டைத்தான் முதலில் அனுப்புவேன்.

*3. நான்தெமோனைய (2016)*

இதுவும் 'யுவர் நேம்' பாட்டுதான். மெதுவானது. தலைப்பின் அர்த்தம், "ஒண்ணுமில்ல".

மலையில் நான் அதிகம் கேட்கும் வார்த்தை அது.

ஒருநாள் மதியம். காய்ச்சல் கண்ட நாலு வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். அவருக்கு எட்டாவது மாதம். பையனைப் பார்த்து மருந்து எழுதிவிட்டு, "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க."

வரிசையில் இன்னும் முப்பது பேர். நானும் சரின்னு விட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன்.

ஐந்து நிமிடத்தில் ஸ்டாஃப் நர்ஸ் உள்ளே வந்தார். "சார், அந்தம்மா செருப்பைக் கையில எடுத்துட்டு நடந்து போறாங்க. கால் உள்ளே போகலை."

ஓடிப்போய்த் திரும்பக் கூட்டி வந்தோம். பிரஷர் 160/110. சிறுநீரில் புரதம். ரெண்டு நாளாக தலைவலி. கண் முன்னாடி பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறதாம். எல்லாம் கேட்ட பிறகுதான் சொன்னார்.

வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி, பிரஷர் மாத்திரை, குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி. 108 வண்டியில் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

செருப்பைக் கவனித்தது நர்ஸ். நான் இல்லை. அன்று சாயங்காலம் இறங்கும்போது வழக்கம்போல இந்தப் பாட்டு வந்தது. பாதியில் அணைத்துவிட்டேன்.

*4. ஆர்டர் மேட் (2008)*

ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருக்குன்னா இதைக் கேளுங்க.

பிறப்பதற்கு முன்னால் யாரோ ஒருவர் நம்மிடம் ஆர்டர் எடுக்கிறார். எல்லாம் ரெண்டு ரெண்டாக வைக்கட்டுமா என்று கேட்கிறார். இதயத்தையும் ரெண்டு பக்கமும் வைக்கிறேன் என்கிறார். இவன் வலது பக்கத்து இதயம் வேண்டாம் என்கிறான். பிரியமானவரைக் கட்டிக்கொள்ளும்போது, அவருடைய துடிப்பு அந்தக் காலி இடத்தில் கேட்கட்டும் என்பதற்காக.

நம்ம கதைக்கு வருவோம். குழந்தை 33 வாரத்தில் பிறந்தது. பொண்ணு. 1600 கிராம். தாயும் பிழைத்துக்கொண்டார். சில வாரங்கள் கழித்து வீடு திரும்பினார்கள். அப்போதும் ரெண்டு கிலோ தொடவில்லை.

எடை குறைந்த குழந்தைக்கு கங்காரு முறை தெரியுமல்லவா? துணியில்லாத குழந்தையை, டயபர், குல்லாவோடு, வெறும் நெஞ்சில் நிமிர்த்திப் படுக்க வைத்து, மேலே போர்த்திவிட வேண்டும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாமல் டாக்டர் எட்கர் ரே ஆரம்பித்தது. இன்று உலக சுகாதார நிறுவனமே ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறது.

வீட்டில் அந்த அம்மாவுக்கு உடம்பில் தெம்பில்லை. கிராம சுகாதார செவிலியர் எனக்குப் போன் செய்தார். அடுத்த நாள் போனேன். ஐப்பசிக் குளிர். குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தனியாகப் படுக்க வைத்திருந்தார்கள். பாதத்தைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

அப்பாவைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க நெஞ்சுல வச்சுக்கங்க" என்றேன்.

மரவள்ளிக் காட்டில் இருந்து வந்த கை. கூச்சத்தோடு சிரித்தார். "ஆம்பளை நெஞ்சுல என்னங்க சார் இருக்கு? பாலா இருக்கு?"

பக்கத்தில் அவர் அம்மாவும் முகம் சுளித்தார். ஹார்மோன், வெப்பநிலை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

அப்போதுதான் இந்தப் பாட்டு ஞாபகம் வந்தது. என் ஸ்டெதஸ்கோப்பை அவர் காதில் மாட்டி, முதலில் அவர் நெஞ்சின் இடது பக்கம் வைத்தேன். கேட்டார். வலது பக்கம் வைத்தேன்.

"இங்கே சத்தம் கம்மியா இருக்குங்க சார்."

"அந்த இடம் உங்க பொண்ணுக்கு" என்றேன்.

அனாடமி புரொபசர்கள் மன்னிக்கணும். இதயம் கிட்டத்தட்ட நடுவில்தான் இருக்கு, குழந்தையையும் நடு நெஞ்சில்தான் வைக்கணும். தெரியும்.

சட்டையைக் கழற்றினார். குழந்தையை வைத்துப் போர்த்திவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் குழந்தை முதுகில் வைத்தேன். அவருக்கு நிமிடத்துக்கு 80. அவளுக்கு 140. கேட்டுக்கொண்டே அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கிவிட்டது. அவர் அம்மா எழுந்து போய் இன்னொரு போர்வை எடுத்து வந்தார்.

*5. ஐ நி தெகிரு கொதோ வா மாதா அரு காய் (2019)*

'வெதரிங் வித் யூ' படத்தில் வருவது. நம்ம நாட்டு ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தி, 2019 அக்டோபரில் இந்தியத் தியேட்டர்களுக்கு வரவைத்த படம் அது. "அன்பால் செய்ய முடிந்தது இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று தலைப்பே கேட்கும்.

அன்பு மட்டும் போதும்னு நான் சொல்ல மாட்டேன். மெக்னீசியம் ஊசியும் 108 வண்டியும் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அதுக்கப்புறமும் செய்ய வேண்டியது இருந்தது. அதை ஒரு விவசாயி சட்டையைக் கழற்றிச் செய்தார்.

தடுப்பூசிக்கு வந்தபோது எடை மூணு கிலோ தாண்டியிருந்தது. "என்கிட்ட வந்தாதான் சார் தூங்குறா" என்று பெருமையாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

பாட்டைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் தலைவலி, கண் மங்கல், முகம் கை கால் வீக்கம், மேல்வயிற்று வலி இருக்கான்னு ஒவ்வொண்ணா கேளுங்க. ஒன்று இருந்தாலும் அன்றே பிரஷர் பாருங்க.

"ஒண்ணுமில்ல"ன்னு சொன்னால், இன்னொரு தடவை கேளுங்க.