ஐயம் தீர்ந்த பின்பும் திறவாத கூண்டு



இராயபுரத்தின் மொட்டை மாடிகளில் புறாக்கூண்டுகளுக்குக் குறைவில்லை. அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் மதரஸாவுக்கு வரும் வேளையில், திறந்துவிடப்பட்ட புறாக்கள் துறைமுகத்துக் கிரேன்களின் திசையில் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். நம் மாணவர் ஒருவரின் வீட்டிலும் பந்தயப் புறாக்கள் உண்டு.

அண்மையில் அந்நம்ல் அத்தியாயத்தில் இடம்பெறும் ஹுத்ஹுத் பறவையின் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தோம். அந்த மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், மும்பையில் ஒரு புறாவை உளவாளி என்று பிடித்து வைத்திருந்தார்களாமே, மெய்தானா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. மெய்தான் என்றோம். சிரிப்பு அடங்கியது.

2023 மே மாதம் மும்பை செம்பூர்ப் பகுதியில் பீர் பாவ் இறங்குதுறை அருகே அந்தப் புறா பிடிபட்டது. இரு கால்களிலும் வளையங்கள். சிறகின் அடியில் சீன எழுத்துகளைப் போன்ற குறிகள். உளவு வேலைக்காக அனுப்பப்பட்டதோ என்ற ஐயத்தில் காவல்துறையினர் அதை பரேலிலுள்ள கால்நடை மருத்துவமனையில் ஒப்படைத்தனர். தைவான் நாட்டுப் பந்தயப் புறா வழிதவறி வந்துவிட்டது என்பது விசாரணையில் தெரியவந்தது. ஐயம் தீர்ந்தது, கூண்டு மட்டும் திறக்கப்படவில்லை. விடுவிக்கலாம் என்ற உத்தரவுக்காக மருத்துவமனை காத்திருந்தது. பீட்டா என்னும் விலங்குநல அமைப்பு தலையிட்ட பிறகு, 2024 ஜனவரி 30 அன்றுதான் அது வானில் விடப்பட்டது. ஏறத்தாழ எட்டு மாதங்கள்!

2020ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளையொட்டி ஜம்முவின் கத்துவா மாவட்ட எல்லையிலும் ஒரு புறா பிடிபட்டது. அதன் கால் வளையத்தில் இருந்த எண்கள் இரகசியக் குறியீடாக இருக்கலாம் என்று அஞ்சினர். அது தம் கைப்பேசி எண்ணே என்றும், பெருநாள் மகிழ்ச்சியில் பறக்கவிட்ட புறா அது என்றும் எல்லைக்கு அப்பால் இருந்த உரிமையாளர் தெரிவித்தார். சில நாள்களில் அது விடுவிக்கப்பட்டது.

"காலில் வளையம் இருந்தால் பந்தயப் புறா என்று எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. புறா வளர்ப்பவர்களிடம் கேட்டிருக்கலாமே, ஹஜ்ரத்?" என்றார் மாணவர்.

நாம் பாடத்திற்குத் திரும்பினோம். அணிவகுப்பில் ஹுத்ஹுதைக் காணாதபோது நபி ஸுலைமான் (அலை) அவர்கள் கடுந்தண்டனை பற்றிப் பேசினார்கள். ஆயினும், தெளிவான சான்று கொண்டுவந்தால் தண்டனை இல்லை என்ற வாசலையும் அப்போதே திறந்து வைத்தார்கள். பறவை வந்தது, ஸபா நாட்டு அரசியைப் பற்றிச் சொன்னது. அதை அப்படியே நம்பிவிடவும் இல்லை, பொய் என்று தள்ளிவிடவும் இல்லை. கடிதம் ஒன்றைக் கொடுத்தனுப்பி உண்மையைச் சோதித்தார்கள். மாபெரும் அரசர், ஒரு சிறு பறவையின் விளக்கத்தைச் செவிமடுத்தார்.

இதைச் சொல்லி முடித்தபோது நம் உள்ளம் நம்மையே குத்தியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ நாள். பள்ளிவாசலில் செருப்பு வைக்கும் இடத்தருகே கேட்பாரற்ற பை ஒன்று கிடந்தது. அதன் வாயில் வயர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "யாரும் அருகே போகாதீர்கள்!" என்று உரக்கக் கூவியவர் வேறு யாருமல்லர், நாமே. ஸஃப்புகள் கலைந்தன; பிள்ளைகள் அழுதனர். ஒளூச் செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் ஈரக் கைகளோடு ஓடிவந்தார். எண்ணூரில் மின்வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளி, தமிழ் தெரியாதவர். பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார்: வயர்த் துண்டுகள், டெஸ்டர், கட்டிங் பிளேயர், சோற்று டப்பா.

எச்சரித்தது தவறென்று இன்றும் நாம் கருதவில்லை. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூரில் காமராஜர் துறைமுகமும் உள்ள வட்டாரம் இது. கேட்பாரற்ற பையைக் கண்டால் விசாரிக்கத்தான் வேண்டும். சோற்று டப்பாவைக் கண்ட பின்பும் அவரிடம் ஆதார் அட்டை கேட்டோமே, அதுதான் தவறு. தொழுகை முடிந்ததும் அவர் பையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியேறினார். நாம் ஒரு ஸலாம்கூடச் சொல்லவில்லை. அடுத்த வெள்ளியன்று அவர் வரவில்லை. அதன் பின்னரும் வரவில்லை.

தாடியையும் தொப்பியையும் கண்டு பிறர் நம் பையை இருமுறை சோதிக்கும்போது ஏற்படும் வலியை நாம் அறிவோம். அதே வலியை அல்லாஹ்வின் இல்லத்திலேயே ஒரு சகோதரருக்குக் கொடுத்தோம்.

செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், இன்றேல் அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்த நேரிடும் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் தரும் பாடம். அந்த வருத்தம் எத்தகையது என்பதை நாம் வெள்ளிதோறும் உணர்கிறோம்.

பெற்றோர்களே! ஐயம் எழுந்தால் அறிந்தவரிடம் கேட்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். ஐயம் தீர்ந்தால், கூவிய அதே குரலில், அதே மக்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கவும் பழக்குங்கள். நாம் கேட்கத் தவறிய மன்னிப்பு இன்னும் நம்மிடம் கடனாகவே இருக்கிறது. அந்தச் சகோதரரை மீண்டும் சந்திக்கும் வாய்ப்பை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.