கப்பலில் ஓர் இடம்

மதுரை ஆரப்பாளையம், தை 4

ஆராய்ச்சிக் கப்பலில் தமக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்ட பிறகும், அந்தக் கப்பல் புறப்படும் துறைமுகம்வரை போய்ச் சேர்வதற்கு வேண்டிய விமானக் கட்டணம், விசா, மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, கடலில் உயிர்காத்துக்கொள்ளும் பயிற்சி ஆகியவற்றின் செலவுக்கு வழியில்லாமல் ஓர் இளம் ஆப்பிரிக்க விஞ்ஞானி கரையிலேயே நின்றுவிட நேருமானால், அந்த நஷ்டம் அவர் ஒருவரோடு முடிவதில்லை என்ற எண்ணம் இன்று முழுவதும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கப்பலின் ஒரு நாள் ஓட்டத்துக்கே லட்சக்கணக்கில் செலவிடும் தேசங்கள் ஒரு கட்டிலையும் மூன்று வேளை உணவையும் மனமுவந்து அளித்தாலும், வீட்டு வாசலிலிருந்து கப்பல் ஏணிவரை உள்ள தூரத்துக்குப் பொறுப்பாளி இல்லாமற் போவதுண்டு.

கப்பலில் அந்த இளைஞர் கற்பது ஏட்டில் கற்க முடியாத வித்தை. வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் கருவியை வடத்தில் கட்டி ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறக்குவதும், குறித்த ஆழங்களில் நீரைப் பிடித்துவந்து, நள்ளிரவானாலும் கப்பல் ஆடினாலும் முறை தவறாமல் அதைப் பரிசோதிப்பதும் கைப்பழக்கத்தால் மட்டுமே வருபவை. வானத்துச் செயற்கைக்கோள் சமுத்திரத்தின் மேற்பரப்பைத்தான் பார்க்கும். ஆழத்தை முழுமையாக அறிய மனிதர் நேரில் போயாக வேண்டும்.

தை 9

கடலாராய்ச்சி நிறுவனங்கள் 1999-இல் ஒன்றுகூடி அமைத்த ‘போகோ’ என்னும் கூட்டமைப்பு இந்தக் குறையைத் தீர்க்க மேற்கொண்ட முறை என் மனத்துக்கு மிகவும் உகந்ததாயிருக்கிறது. 1995 முதல் பிரிட்டனிலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தின் தென்பகுதிவரை நீளவாக்கில் சென்று ஆராயும் கப்பலில், வளரும் நாடுகளைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிக்கு உபகாரச் சம்பளம் அளித்து இடம் பெற்றுத் தருவதோடு நில்லாமல், பயணத்துக்கு முன் ஆயத்தப் பயிற்சிக்கும், பயணத்துக்குப் பின் தாம் சேகரித்தவற்றை ஆராய்ந்து முடிப்பதற்கும் பிரிட்டனில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் தங்க வழிசெய்கிறார்கள். அளவைகளைக் கையில் கொடுத்துவிட்டு, அவற்றின் பொருளைக் காணும் அவகாசத்தைக் கொடாமல் அனுப்பிவிடுவது அரைத் தர்மமே ஆகும்.

அந்த அட்லாண்டிக் பயணத்தை நடத்தும் பிளிமத் நகரில்தான், ஏறக்குறைய எட்டுப் பத்தாண்டுகளுக்கு முன், நம் நாட்டுக் கடல் விஞ்ஞானி என்.கே. பணிக்கர் இறால்களின் உடலில் உப்பும் நீரும் சமநிலை கொள்ளும் விதத்தை ஆராய்ந்தார். அவர் நாடு திரும்பி, மதுரையிலிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் அடையக்கூடிய மண்டபத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றார். சர்வதேச இந்து சமுத்திர ஆராய்ச்சியில் இந்தியாவின் பங்கை நடத்தினார். 1966-இல் தோன்றிய தேசிய கடலியல் நிறுவனத்தின் முதல் இயக்குநருமானார். 1965 வரை நடந்த அந்த மகத்தான இந்து சமுத்திர ஆராய்ச்சியில் பல தேசங்களின் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கலந்துகொண்டன. நம் கடற்படையின் ‘கிருஷ்ணா’ கப்பலிலும், அமெரிக்கர் அனுப்பிய ‘அன்டன் புரூன்’ கப்பலிலும் நம் இளைஞர்கள் ஏறித் தொழில் கற்றார்கள். அயலாரின் கப்பலில் கிடைத்த இடமும் சேர்ந்தே நம் கடல் விஞ்ஞானத்தை வளர்த்தது என்பதை நாம் மறக்கலாகாது.

தை 15

மாலையில் வைகைக் கரையோரம் என்னுடன் நடந்துவந்த நண்பர், பஞ்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “நம்ம பிள்ளைகளுக்கே படிக்க வழியில்ல, ஆப்பிரிக்காவுல இருக்கவுகளுக்கு நாம ஏன் அண்ணே செலவு பண்ணணும்?” என்றார். நியாயமான கேள்விதான், அதற்கு நான் அளித்த பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்த வைகையில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு, 1895-இல் கட்டி முடிந்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வருவது. பெரியாற்றை நிரப்புவது தென்மேற்குப் பருவமழை. அந்தப் பருவக்காற்றோ கென்யா, சோமாலியாக் கரைகளை ஒட்டிப் பூமத்திய ரேகையைக் கடந்து, அரபிக்கடலின்மேல் ஈரத்தைச் சுமந்துகொண்டு நம் மலைகளில் வந்து மோதுகிறது. இந்து சமுத்திரத்தின் மேற்குப்புறமும் கிழக்குப்புறமும் மாறி மாறிச் சூடேறிக் குளிர்வதை, சாஜி என்னும் விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1999-இல் உலகுக்கு எடுத்துரைத்தார்கள். 2019-இல் மேற்குப்புறம் மிகுதியாகச் சூடேறியபோது கிழக்கு ஆப்பிரிக்கா வெள்ளத்தில் தத்தளித்தது. இவ்வளவு முக்கியமான அந்தப் பிரதேசத்தில், கடற்கொள்ளையர் அச்சத்தால் அளவை மிதவைகளை நிறுத்துவதுகூடப் பல ஆண்டுகள் தடைப்பட்டது. அக்கரையிலேயே பிறந்து, அந்தக் கடலை நாள்தோறும் பார்த்து வளர்ந்த ஒருவர் அதை அளக்கக் கற்றுக்கொண்டால், நம் மழையைப் பற்றிய அறிவும் அவரால் பெருகும். “அப்பச் சரி அண்ணே, அது நம்ம தண்ணிக்கான செலவுதான்” என்று நண்பர் ஒப்புக்கொண்டார்.

தை 22

நார்வே தேசம் 1975 முதல் ‘டாக்டர் பிரிட்ஜாப் நான்சென்’ என்ற பெயருடைய கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஐ.நா. சபையின் பணிக்கு அளித்து, ஆப்பிரிக்கக் கரையோர நாடுகளின் விஞ்ஞானிகளை அவற்றில் ஏற்றிப் பயிற்சி அளித்துவருகிறது. எங்கோ வடகோடியில் உள்ள தேசம் செய்வதை, அதே சமுத்திரத்தின் கரையில் வாழும் நாம் செய்யக் கூடாதா? சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பொறுப்பில் ‘சாகர் நிதி’ இருக்கிறது. இரண்டாம் இந்து சமுத்திர ஆராய்ச்சியின் முதற்பயணமாக 2015 டிசம்பரில் அது கோவாவிலிருந்து மொரீஷியஸுக்குச் சென்றது. இத்தகைய பயணம் ஒவ்வொன்றிலும் ஆப்பிரிக்கக் கரையின் இளம் விஞ்ஞானி ஒருவருக்கு நிலையான இடம் இருக்க வேண்டும். அவர் துறைமுகம் வந்து சேரும் செலவையும், திரும்பிய பின் தம் ஆராய்ச்சியை எழுதி முடிக்கும்வரை ஆகும் செலவையும் நம் அறக்கட்டளைகள் ஏற்க வேண்டும்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிய தர்மமன்று. 1914 மார்ச் 17-ஆம் நாள் ராமானுஜன் சென்னையில் கப்பலேறியபோது, ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளத்தோடு பிரயாணச் செலவையும் சென்னைச் சர்வகலாசாலை ஏற்றது. அதற்கு முன்னரே, 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் துணைநின்றார். கல்விக்கும் கப்பலுக்கும் பொருள் கொடுத்த ஊர் இது.

இதைப் படிப்பவர் ஒரு கல்லூரியின் ஆட்சிக்குழுவிலோ அறக்கட்டளையிலோ இருப்பவரானால், வரும் ஆண்டுக்குரிய வரவு செலவுத் திட்டத்தில் ஒரே ஓர் இளைஞரின் கப்பற் பிரயாணத்துக்கு ஒரு தொகையை எழுதிவைக்குமாறு வேண்டுகிறேன். ஒரு கட்டடத்துக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கே அதற்குப் போதும். அதனால் விளையும் அறிவோ இரு கரைகளுக்கும் உரியது.