குளிரில் களைச்சுப்போற ரவை

உலகப் போர் பற்றின ஒப்படைக்காக வாசிக்கப்போய் பின்லாந்தில மாட்டுப்பட்டுப் போனன். 1939 நவம்பர் 30 சோவியத் படை உள்ள வந்து, 1940 மார்ச் 13 வரைக்கும் நடந்த சண்டை. பேரே 'குளிர்காலப் போர்'. சிமோ ஹைஹா எண்ட ஸ்னைப்பர் அந்தப் போரிலதான் பிரபலமானவர். ஊரில தோட்டம் செய்த ஆள். ஐந்நூறுக்கு மேல சுட்டார் எண்டு சொல்லுவினம். யூடியூப்பில அவருக்கு ஹீரோ மியூசிக் எல்லாம் போடுறாங்கள். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அந்த எண்ணைச் சொல்லுறது எனக்குப் பிடிக்கேல்ல.

எனக்கு வந்த கேள்வி வேற. அந்தக் குளிரில ரவைக்கு ஒண்டும் ஆகாதோ?

ஆகும். ரவைக்குள்ள இருக்கிற மருந்து குளிர்ந்திருந்தா மெதுவாத்தான் எரியும். மெதுவா எரிஞ்சா குழலுக்குள்ள அமுக்கம் குறையும், சன்னம் வேகம் குறைஞ்சு வெளிக்கிடும். மருந்துக்கு மருந்து இது மாறும். வெப்பத்துக்கு மசியாத மருந்துகளும் இப்ப இருக்கு. ஆனா மசியிற மருந்து எண்டா ஒரு பாகை செல்சியஸுக்கு செக்கனுக்கு அரை மீற்றர் அளவு வேகம் குறையலாம். கோடையில 20 பாகையில குறி சரிபார்த்த துவக்கை -20 இல எடுத்தா, 40 பாகை வித்தியாசம், 20 மீற்றர் போச்சு. செக்கனுக்கு 800 மீற்றர் போற சன்னத்துக்கு இது சின்ன விசயம்தானே எண்டு நினைப்பம். 300 மீற்றரில ஐந்து சென்றிமீற்றர் அளவுதான் கீழ இறங்கும். ஆயிரம் மீற்றரில அரை மீற்றருக்கு மேல, அதாவது நெஞ்சைப் பார்த்தது வயித்தில. (இந்தக் கணக்கை எழுதேக்க கை கொஞ்சம் கூசிச்சு.) அதுக்கு மேல, குளிர்ந்த காத்து அடர்த்தி கூடினது. அதே அமுக்கத்தில 16 சதவீதம் அளவு கூட. அதுவும் சன்னத்தைப் பிடிச்சு இழுக்கும்.

வெயிலில இது மறுவளம். அதனாலதான் தூரத்துக்குச் சுடுற விளையாட்டுக்காரர் ரவையை நிழலில வைப்பினம், சூடான குழலுக்குள்ள கனநேரம் விடமாட்டினம்.

இதையெல்லாம் போனில அம்மாவுக்குச் சொன்னன். அம்மா வன்னி ஆள்.

"வெடிச் சத்தம் கேட்டா அது எங்களுக்கில்லை எண்டு தெரியும்," எண்டா.

ஓம், சரிதான். எங்கட வெக்கையில சத்தம் செக்கனுக்கு 350 மீற்றர் கிட்டத்தான் போகும், சன்னம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல. முன்னுக்கு வாறது சன்னம்தான். நான் இரண்டு நாள் தேடி வாசிச்சதை அம்மா பங்கருக்குள்ள இருந்தே படிச்சிருக்கிறா.

1940 மார்ச் 6, ஹைஹாவின்ர தாடையையும் ஒரு சன்னம் பிய்ச்செறிஞ்சது. அதைச் சொல்ல, "பெடியன் தப்பினானோ?" எண்டுதான் கேட்டா. தப்பினார், 2002 இல 96 வயசிலதான் செத்தவர் எண்டன். எத்தினை பேரைச் சுட்டவர் எண்டு அம்மாவும் கேட்கேல்ல, நானும் சொல்லேல்ல.