கப்பல் இல்லாத கடல்

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கின் ‘கடலோரத் துறவி’ ஓவியத்தில் முதலில் இரண்டு பாய்மரக் கப்பல்கள் இருந்தனவாம். அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது தெரிந்தது. கோடு போட்டவர் பிறகு மனம் மாறி மறைத்துவிட்டார். இப்போது இருப்பது வெளிறிய மணல்மேடு, பட்டையாய்க் கறுத்த கடல், முக்கால் பங்குக்கும் மேலே வானம், நமக்கு முதுகு காட்டி நிற்கும் விரலளவுத் துறவி. சில வெண்பறவைகள் மட்டும் எப்படியோ தப்பின.

கடலைக் கண்டால் நமக்குச் சங்கப் பாட்டின் நெய்தலும் அதன் உரிப்பொருளான இரங்கலும் நினைவுக்கு வரும். இங்கே புன்னை இல்லை, மீன் இல்லை, வலை இல்லை. கருப்பொருளை இவ்வளவு துடைத்த பிறகும் உரிப்பொருள் அசையாமல் நிற்கிறதே!

அந்தக் காலத்திலேயே முணுமுணுத்தவர்கள் உண்டு. டிரெஸ்டனில் இதைப் பார்த்த ஓர் ஓவியரின் மனைவி, கப்பல்தான் இல்லை, ஒரு கடல் பூதமாவது இருக்கக்கூடாதா என்ற தொனியில் கடிதம் எழுதினார். எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்கும்.

1810-இல் பெர்லின் கலைக்கழகக் கண்காட்சிக்குப் படம் வந்தது. எழுத்தாளர்கள் பிரெண்டானோவும் ஆர்னிமும் அதன்முன் நின்று ஆளுக்கொன்று உளறுகிறவர்களின் பேச்சையே உரையாடலாக எழுதி, அவர்களுடைய நண்பரான எழுத்தாளர் கிளைஸ்ட் நடத்திய நாளிதழுக்குக் கொடுத்தார்கள். வேடிக்கையான எழுத்து. கிளைஸ்டோ உரையாடலை வெட்டி எறிந்துவிட்டு, இந்தப் படத்தைப் பார்ப்பது கண்ணிமைகளை அறுத்துக்கொண்டு பார்ப்பது போலிருக்கிறது என்று தன் பங்குக்கு எழுதி அச்சேற்றினார். நண்பர்கள் கொதித்தார்கள். எழுத்து அவர்களுடையது, உயிரும் பொறுப்பும் என்னுடையவை என்று அவர் விளக்கம் போட வேண்டியதாயிற்று. பத்திரிகை ஆசிரியர்கள் அன்றும் இப்படித்தான். ஆனால் அந்த அறுத்த இமைதான் இருநூறு வருஷமாக எல்லோர் நினைவிலும் இருக்கிறது. வெட்டுப்பட்ட உரையாடலை ஆராய்ச்சியாளர்கள் மட்டும் படிக்கிறார்கள்.

கடல் என்றால் மரணம், வானம் என்றால் கடவுள், துறவி என்றால் நாம் என்று வாய்ப்பாடு ஒப்பிக்கும் புத்தகங்கள் என் அலமாரியிலும் உண்டு. சரி, மறைத்த கப்பல்கள் எதற்குக் குறியீடு? பதில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சில்லை. வெறுமையாக விட்ட இடத்தையெல்லாம் அர்த்தத்தால் அடைக்கத் துடிப்பது ஒரு வியாதி. கப்பல்களை மறைத்த ஓவியருக்கு அது தெரிந்திருக்கும் என்பது என் கட்சி.

படத்தை அந்த வருஷமே பிரஷ்ய மன்னர் வாங்கினார். வாங்கும்படி சொன்னது 15 வயது இளவரசன். அவனிடம் யாரும் விளக்கம் கேட்டதாகத் தெரியவில்லை.