மால்சேஜ் மலையில் ஓர் அருவி

மும்பையை அடுத்து வாழும் நம் அன்பர்களுள் மால்சேஜ் மலைப்பாதையை அறியாதார் சிலரே. கல்யாணிலிருந்து முர்பாடு வழியே ஏறத்தாழ 85 கிலோமீட்டர். பெருமழை நாட்களில் அங்கே பாறை சரியும். மக்கள் செல்லலாகாதென அரசினர் தடை விதிப்பதும் உண்டு. ஆதலால் மழை சற்றுத் தணிந்தபின், சென்ற ஆவணியில் ஒரு ஞாயிறன்று, அன்னையாரையும் என் மகளையும் வாடகை வண்டியில் அழைத்துச் சென்றேன்.

உல்லாசப் பயணம் என்பது வெளிப்பேச்சு. தென்காசியிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டை விற்க அன்னையின் இசைவு வேண்டியிருந்தது. வாங்க விரும்பியவரின் கடிதம் மூன்று வாரமாக என் கைப்பையிலேயே கிடந்தது. கேட்க நா எழவில்லை.

ஏறக்குறைய 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகி உண்டான கரும்பாறை அது. மழைக்காலத்தில் அதன் ஒவ்வொரு மடிப்பிலும் நீர் இழிகிறது. பேர்பெற்ற இடங்களில் கூட்டம் மிகுதி. நாங்கள் நின்றதோ பெயரற்ற சிற்றருவி. மூன்றாள் உயரம் இருக்கலாம். சாலையோரத்துக் கால்வாயில் விழுந்து, போகிற வண்டிகளையும் நனைத்தது. அருகே ஒரு மராத்தியப் பெண் சோளக்கதிர் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள்.

குற்றாலமும் இதே மலைத்தொடரில்தான் உள்ளது. மழையும் அதே தென்மேற்குப் பருவமழைதான். இங்கே மேகம் மலையில் நேரே மோதிக் கொட்டித் தீர்க்கிறது. அங்கேயோ, செங்கோட்டைக் கணவாய் வழியே நழுவி வரும் மிச்சமே சாரல். அச்சாரலை அன்னை கண்டு பதினோர் ஆண்டுகள் ஆயின. "அடுத்த ஆனிக்குப் போகலாம்" என்று நான் ஆண்டுதோறும் சொல்வேன். பிறகு ரயிலில் இடமில்லை என்பேன். அது பாதி உண்மைதான்.

அன்னையார் சற்று நேரம் பார்த்து நின்றார். பின் பேத்தியின் கையைப் பற்றிக்கொண்டு, உடுத்திய சேலையோடே அருவிக்குள் தலையைக் கொடுத்தார். "ஆஜி, சாம்பாளூன்!" என்று சோளக்காரி பதறினாள். பாட்டி, கவனம் என்பது பொருள். அன்னைக்கு மராத்தி தெரியாது. நீரினின்றும் முகத்தை வெளியே நீட்டி, "ஆச்சின்னுதான கூப்பிடுதா?" என்று என்னைக் கேட்டார். ஆமென்றேன்.

தலை துவட்டிக்கொண்டு கதிரைக் கொறிக்கையில் தாமே பேச்சை எடுத்தார்.

"ஏய்யா, வீட்டுக்கு யாரோ வெல கேட்டிருக்காகளாமே? ஒங்க அத்த போன வாரமே போன்ல சொல்லிட்டா."

நான் வாய் திறக்கவில்லை.

"முத்தத்துக் கெணத்த மூடாம வச்சிருப்பாகளான்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். கை ஈரமாயிருப்பதாகச் சொல்லி அவர் வாங்க மறுத்துவிட்டார். வண்டியில் ஏறியபின் படித்துக் காட்டச் சொன்னார். மகள் மறுபடியும் அருவிக்குள் ஓடிவிட்டிருந்தாள். அவளை வெளியே இழுப்பதற்குள் என் சட்டையும் நனைந்தது.