பங்குனியில் கூத்து, மார்ச்சில் கணக்கு

கலைக் குழுக்களுக்கு நிதி விண்ணப்பம் எழுதித் தருபவர்களில் கைதேர்ந்தவர்கள் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. 'தொன்மை வாய்ந்த நம் கலை' என்று ஆரம்பிக்கும் அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்; பரிசீலிப்பவரும் அதைத் தாண்டித்தான் போவார். இவர்கள் முதலில் எழுதுவது பட்ஜெட்டை. எத்தனை பேர், எத்தனை நாள் ஒத்திகை, வேன் வாடகை எவ்வளவு, ராத்திரி டீச் செலவு யார் பொறுப்பு என்று கேட்டுக் கேட்டு எழுதும்போதுதான் குழு என்ன செய்யப்போகிறது என்பது குழுவுக்கே பிடிபடும்.

செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்துத் தெருக்கூத்துக் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பது பெரும்பாலும் பங்குனியிலிருந்து ஆடி, ஆவணி வரை. அந்த மாதங்களில் ஊர் ஊராக, விடிய விடிய ஆட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆட்டம் இருக்காது. கூத்தில் அணியும் மரக் கட்டைகளைப் பழுது பார்ப்பதும் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருவதும் அப்போதுதான். அரசுப் பணத்துக்கோ ஆண்டு ஏப்ரலில் பிறந்து மார்ச்சில் முடிகிறது. பரிசீலனை, கமிட்டிக் கூட்டம், ஒப்புதல் எல்லாம் கடந்து தொகை வங்கிக்கு வரும்போது ஆண்டின் கடைசி மாதங்கள் ஆகிவிடுவது இத்துறையில் பழகிப்போன கதை. செலவழித்துக் கணக்கை முடி என்று நெருக்கும் அதே பங்குனியில் கலைஞர்கள் ஒருவரும் ஊரில் இருக்கமாட்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் திட்டத்தின் தலைப்பைவிட மாத அட்டவணையோடு அதிக நேரம் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

எந்தப் பணத்துக்கு எழுதுகிறோம் என்பதும் முக்கியம். மத்திய கலாசார அமைச்சகத்தின் குரு-சிஷ்ய பரம்பரைத் திட்டம், குழுக்களிடையே 'ரெபர்ட்டரி கிராண்ட்' என்று பேசப்படுவது, குருவுக்கு மாதம் 15,000 ரூபாயும் சீடர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 ரூபாய் வரையும் தருகிறது. தொகை பெரிதல்ல. ஆனால் இது நிகழ்ச்சிக்கான பணமல்ல, ஆளுக்கான பணம். மழைக்காலத்திலும் வீட்டில் உலை கொதிக்க உதவும் பணம். நிதிகளில் பெரும்பாலானவை மேடையேறும் அந்த ஓர் இரவுக்கே கிடைக்கின்றன. அதிலும் கடைசித் தவணை, எல்லாம் முடிந்து கணக்குக் காட்டிய பிறகே வரும். இடைப்பட்ட காலத்துக்குக் குழுத் தலைவர் வட்டிக்கு வாங்குவார். அந்த வட்டிக்கு எந்த பட்ஜெட்டிலும் இடமில்லை.

மாதச் சம்பளம் ஒரு குழுவை என்ன செய்யும் என்பதற்குக் கூத்துப்பட்டறையைவிட நல்ல உதாரணம் தமிழில் இல்லை. நாடக ஆசிரியர் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய அந்த நாடகக் குழுவால், ஃபோர்டு அறக்கட்டளையின் நிதி கிடைத்த காலத்தில் முழுநேர நடிகர்களை வைத்துக்கொள்ள முடிந்தது. வேலை முடித்து மாலையில் ஓடிவரும் நடிகரிடம் கேட்க முடியாத உடற்பயிற்சியையும் குரல் பயிற்சியையும் முழுநேர நடிகரிடம் கேட்கலாம். பசுபதி, கலைராணி போன்ற நடிகர்கள் அங்கிருந்து வந்தவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக வேலை பார்த்தவர் என்பதைச் சினிமா ரசிகர்கள் சுவையான தகவலாகச் சொல்வார்கள். நிதி விண்ணப்பம் எழுதுபவர்களுக்கு அதில் வேறொன்று தெரியும்: அந்த நாடகக் குழுவில் கணக்கு எழுத ஓர் ஆள் இருந்திருக்கிறார்!

பல குழுக்களில் அந்த ஆள் இல்லை. கூத்தின் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்படுபவை. செதுக்கித் தருபவரிடம் ஜிஎஸ்டி பில் கேட்டால் சிரிப்பார். வவுச்சர் எழுதி, பெயர், ஊர், செய்த வேலை, தொகை எல்லாம் குறித்து, 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அன்றைக்கே வாங்காவிட்டால் அடுத்த திருவிழாவில்தான் அவரைப் பிடிக்க முடியும். இந்தக் காகிதங்களை எல்லாம் வைத்துத்தான் ஆடிட்டர், 'யூசி' என்று எல்லோரும் சொல்லும் பயன்பாட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். அது போய்ச் சேராதவரை அடுத்த ரூபாய் கிடையாது. நல்ல கலைஞர்கள் நிதி இழப்பது கலையில் குறை இருப்பதால் அல்ல, பழைய யூசி பாக்கி இருப்பதால்.

வெளிநாட்டுப் பணம் இன்னும் கடினமாகிவிட்டது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் முதலில் வந்திறங்க வேண்டும். இவற்றைக்கூடச் சமாளித்துவிடலாம். நகரத்தின் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிக் கிராமத்துச் சிறிய குழுவுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழியையும் அதே திருத்தம் அடைத்துவிட்டது. சிறிய குழுவை அடித்தது அதுதான். 2013 கம்பெனிகள் சட்டத்தில், கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவுக்கான சிஎஸ்ஆர் பட்டியலில் கலையும் பண்பாடும் இருக்கின்றன. ஆனால் கம்பெனிக்காரர்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும்தான் முதலில் கண்ணில் படும்.

பெங்களூரில் இயங்கும் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளை 1995 முதல் நிதி வழங்கிவருகிறது. எந்த இந்திய மொழியிலும் அங்கே விண்ணப்பிக்கலாம். கூத்து வாத்தியார் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதிய விண்ணப்பத்தில் இருக்கும் தெளிவு, ஆங்கிலத்துக்குப் போனதும் பாதியாகிவிடுகிறது. இப்படி ஒரு வாசல் எல்லா நிதி நிறுவனங்களிலும் இருந்தால் எழுதித் தருபவர்களுக்கு வேலை குறையும்; அது நல்லதுதான்.

படிவங்களில் தவறாமல் வரும் ஒரு கட்டம், 'பயனடைவோர் எண்ணிக்கை'. இரவு பத்து மணிக்குக் கூத்தைத் தொடங்கிவைக்கக் கட்டியங்காரன் வரும்போது திடல் நிறைந்திருக்கும். மூன்று மணிக்குப் பாதிப் பேர் பாயில் தூக்கம். துரியோதனன் வீழும் படுகளத்தன்று காலையில், மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தைச் சுற்றி, இரவெல்லாம் வராதவர்களும் வந்து நிற்பார்கள். எதை எழுதுவது? அனுபவசாலிகள் மூன்று எண்களையும் நேரம் போட்டு எழுதி, ஆடி முடித்த கலைஞர்கள், சமைத்தவர்கள், பந்தல் போட்டவர்கள் என்று தனியே ஒரு வரியும் சேர்ப்பார்கள். சில நிறுவனங்கள் அதை விரும்பிப் படிக்கின்றன. சில, ஒரே எண்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்புகின்றன. அப்போது காலையில் எண்ணிய கணக்கை அனுப்பிவைப்பார்கள்.